மூன்றில் ஒரு பங்கு பாக்கி

எனக்கு வாய் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. க்ரிம்ஸ்பி மீன் சந்தையில் கத்திக் கத்தி மீன் விற்றவளின் மகள் நான். எங்கள் வீட்டில் உப்பைக் கொடு என்று கேட்பதுகூடத் தெருமுனை வரைக்கும் கேட்கும். வாயோடு சேர்த்துக் கணக்கும் எனக்கு நன்றாக வரும். இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுக்கக் கூடாது என்று ஆண்டவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அந்தக் கணக்கை நம்பித்தான் பெண்கள் விமானப்படையில் என்னைக் கார்ப்பரல் ஆக்கினார்கள். லிங்கன்ஷையரில் உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே இருந்த ஹாக்கர்பி விமானதளத்து அலுவலகத்தில் உட்காரவும் வைத்தார்கள். குண்டு போடப் போகிற ஒவ்வொருவனும் இதுவரை எத்தனை நடை போய் வந்தான் என்று பேரேட்டில் எழுதுவது என் வேலை. முப்பது நடை முடித்தால் ஆளுக்கு ஆறு மாதம் ஓய்வு. முப்பதா! ஏழு, எட்டு என்று எழுதி, அதற்கு மேல் எழுத ஆளில்லாமல் நான் கோடு போட்ட பெயர்கள்தான் அந்தப் பேரேட்டில் அதிகம். அதனால் ஒரே விமானத்தில் பறக்கும் கூட்டம் முழுதாக முப்பது முடித்துவிட்டால் எங்கள் தளத்துக்கே பைத்தியம் பிடித்துவிடும்.

நாற்பத்து நாலாம் வருஷம் மே மாதம் ஒரு திங்கட்கிழமை அப்படிப் பிடித்தது. முடித்தது டட்லி ஷார்ப் ஓட்டிய விமானத்தின் ஏழு பேர். அதில் வால் துப்பாக்கிக்காரன் ஹெட்லி பிராக். என் ஹெட்லி. அந்த வாரம் சனிக்கிழமை எங்களுக்குக் கல்யாணம்.

போருக்கு முன்னால் ஹெட்லி ஹல் நகரத்தில் பஸ் கண்டக்டர். விமானத்தில் வால் நுனியிலுள்ள கண்ணாடிக் கூண்டில், பின்பக்கம் பார்த்தபடி, நாலு துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பான். "பஸ்லயும் பின்னாடி, பிளேன்லயும் பின்னாடி. எங்க போறோம்னு நான் பாத்ததே இல்ல, எங்கிருந்து வந்தோம்னு மட்டும்தான் தெரியும்" என்பான். கிளம்பும்போது டட்லி மைக்கில் "எல்லாரும் ரெடியா?" என்று கேட்டால், மற்றவர்கள் ஒழுங்காகப் பதில் சொல்வார்கள். இவன் மட்டும் இல்லாத மணியை இழுத்து, "ரைட்ட்ட்... போலாம்!" என்பான்.

அவனிடம் பதக்கம் வேறு இருந்தது. வீரத்துக்கான பதக்கம், நிஜமானது. ஜெர்மனி மேல் விமானத்துக்குள் தீப்பிடித்தபோது கூண்டை விட்டு இறங்கி வந்து ஒற்றை ஆளாக அணைத்தான். பதக்கத்தோடு வந்த அரசாங்கக் காகிதத்தில், 'தன் உயிரைப் பொருட்படுத்தாது, கைவசமிருந்த பொருள்களைக் கொண்டு' என்று போட்டிருந்தது. அதை மெஸ்ஸில் உரக்கப் படித்தபோது டட்லி சிரிப்பு தாங்காமல் மேஜைக்கு அடியில் போய்விட்டான். கைவசமிருந்த பொருள் என்னவென்றால், வால் பக்கத்தில் வைத்திருக்கும் கக்கூஸ் வாளி. ஏழு பேர் ஆறு மணி நேரம் உபயோகித்த வாளி. அன்றிலிருந்து அவன் பதக்க ரிப்பனைக் குத்திக்கொண்டு வந்தால் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவனும் நெஞ்சை நிமிர்த்தி, "மோந்து பாக்காதீங்கடா, சல்யூட் மட்டும் வைங்க" என்பான்.

சரி, அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். காலையில் இறங்கி நாலு மணி நேரம் தூங்கி எழுந்தார்கள், மதியம் சார்ஜெண்ட்கள் மெஸ்ஸில் கூத்து ஆரம்பமாகிவிட்டது. முப்பது முடித்தவனின் காலடி மெஸ் கூரையில் பதிய வேண்டும் என்பது எங்கள் தளத்து வழக்கம். மேஜைமேல் மேஜை போட்டு, அதன்மேல் நாற்காலி வைத்து, அடுப்புக்கரியைப் பியரில் குழைத்து உள்ளங்காலில் பூசி, ஆளைத் தலைகீழாகத் தூக்கிக் கூரையில் நடக்க விடுவார்கள். ஆறு பேர் நடந்து முடித்தாயிற்று. ஏழாவது ஹெட்லி. சட்டைப்பையிலிருந்து பெப்பர்மின்ட் எல்லாம் கொட்ட, தலைகீழாகத் தொங்கியபடி, "கூரையில பஸ் விட்ட மொத கண்டக்டர் நான்தான்!" என்று கத்திக்கொண்டே நடந்தான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டு கிளாஸ் ஆப்பிள் சைடர் வேறு உள்ளே போயிருந்தது.

என் மடியில் பேரேடு. கூத்துக்கு யாராவது பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்களா? நான் வந்தேன். அவன் பெயருக்கு நேரே எல்லார் முன்னாலும் சிவப்பு மையில் முப்பது என்று எழுத வேண்டும், அதை அவன் பார்க்க வேண்டும், அதுதான் என் ஆசை. எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை கூட்டினேன். கை சும்மா இராதே!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருஷம் மார்ச்சில் தலைமையகத்தில் எந்தப் பெரிய மனிதருக்கோ ஒரு ஞானம் பிறந்திருந்தது. ஜெர்மனி தூரம், ஃப்ரான்ஸ் பக்கம், ஆகவே ஃப்ரான்ஸுக்கு மூன்று நடை போனால்தான் ஒரு நடை கணக்கு என்று உத்தரவு போட்டுவிட்டார். "அங்க சுட்டா மூணுல ஒரு பங்குதான் சாவு வரும் போல" என்று ஹெட்லி சொல்வான். டட்லி கூட்டத்துக்கு ஜெர்மனி இருபத்தேழு, ஃப்ரான்ஸ் ஒன்பது. ஒன்பதை மூன்றால் வகுத்தால் மூன்று. ஆக முப்பது, சரி. ஆனால் ஹெட்லிக்கு ஃப்ரான்ஸ் எட்டுதான். ஏப்ரலில் ஒரு நாள் அவனுக்கு உட்காருமிடத்தில் பெரிய கட்டி. உட்கார முடியாதவனை வைத்துக்கொண்டு கூண்டில் என்ன செய்வது? டாக்டர் கீறிவிட்டுக் குப்புறப் படுக்க வைத்துவிட்டார். எல்லாருக்கும் அது மறந்துபோயிருந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். மீன்சந்தைக் குரல். பியானோ வாசித்தவன் கையே நின்றுவிட்டது. "அவனை இறக்குங்க! அவனுக்கு முப்பது ஆகல. இருபத்தொம்பதே முக்கா... இல்ல, இருபத்தொம்பதும் மூணுல ரெண்டும்தான். மூணுல ஒரு பங்கு பாக்கி!"

மெஸ்ஸே கொள்ளென்று சிரித்தது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த ஹெட்லி, "ஏ எனிட், இறங்கினப்புறம் சொல்லியிருக்கக் கூடாதா? கூரையில இருக்கறவன் எந்தப் பக்கமா அழறது?" என்றான்.

"மூணுல ஒரு பங்குதானே, கடல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்துடட்டும்!" என்றான் ஒருவன்.

"கால் ரெண்டையும் மட்டும் அனுப்புவோம்!" என்றான் இன்னொருவன்.

டட்லி நாற்காலி மேல் ஏறிக் கையை உயர்த்தினான். "தப்புப் பண்ணது அவன் பின்பக்கம். தண்டனையும் அதுக்குத்தான். அதை மட்டும் பார்சல் கட்டி அனுப்புங்க!"

நானும் வயிறு புண்ணாகச் சிரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தேன்.

அப்போது வாசலில் எங்கள் அட்ஜுடன்ட் பாப்ஜாய் நின்றுகொண்டிருந்தார். அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரி அவர்தான். போன போரில் ஒரு காதைக் கொடுத்துவிட்டு வந்த கிழவர். அவருக்குப் பக்கத்தில் தளத் தலைவரும் இருந்தார்.

"கார்ப்பரல் காட்," என்றார் பாப்ஜாய் என்னிடம், ரொம்ப மெதுவாக. "நல்லாப் பாத்தீங்களா? சைடர் குடிச்சிருக்கீங்க. ஒருவேளை கூட்டல் தப்பாயிருக்கும். நாளைக்கு நிதானமா மறுபடி பாத்துக்கலாமே."

அந்த மனிதர் எனக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஆமாம் சார், தப்பாயிருக்கும் சார் என்று சொல்லியிருந்தால் போதும். நான் என்ன செய்தேன்? எழுந்து நின்று, பேரேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "என் கூட்டல் தப்பாது சார்!" என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தான் கெட்டால் பரவாயில்லை. தளத் தலைவர் காதில் விழுந்த பிறகு அதை விழுங்க முடியாது. ஹெட்லி இன்னும் ஒரு நடை போயாக வேண்டும் என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது.

சைடர் இறங்கியதும் எனக்குப் புத்தி வந்தது. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நின்று மூக்கு ஒழுக அழுதேன். ஹெட்லிக்குக் காலில் கரி இன்னும் போகவில்லை, செருப்போடு வந்தான்.

"என்னத்துக்கு இப்ப ஒப்பாரி?"

"என் வாயைத் தைக்கணும் ஹெட்லி. எங்கம்மா சின்னதுலயே சொன்னா."

"தெச்சுட்டா சனிக்கிழமை சம்மதம்னு எப்படிச் சொல்லுவே?" என்றான். "விடு தாயி. இருபத்தொம்பது முழுசுக்கே சாகல. மூணுல ஒண்ணுக்கா சாகப் போறேன்? வெளிய சொன்னா வெக்கக்கேடு."

பேரேட்டால் அவன் தலையில் ஒன்று போட்டேன். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

டட்லியும் மற்றவர்களும் "நாங்களும் கூட வர்றோம், ஏழு பேரும் சேர்ந்தே முடிக்கறோம்" என்று தளத் தலைவரிடம் போய் நின்றார்கள். முடித்தவன் பறக்கக் கூடாது என்பது சட்டம். மறுநாள் காலை ஆறு பேரையும் விடுமுறைச் சீட்டோடு ரயிலேற்றிவிட்டார்கள். ஜன்னலில் தொங்கிக்கொண்டு, "சனிக்கிழமை க்ரிம்ஸ்பியில! கேக்கைத் தொட்டுடாதீங்க!" என்று கத்திக்கொண்டே போனார்கள். தொடுவதற்கு என்ன இருக்கிறது? சர்க்கரைப் பூச்சுக்கு அரசாங்கத் தடை. கடையில் அட்டையால் செய்த மூன்றடுக்கு கேக் வாடகைக்குக் கிடைக்கும். அதைத் தூக்கினால் உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நிஜ கேக் இருக்கும், அவ்வளவுதான்.

செவ்வாய் மழை. புதன்கிழமை பட்டியலில் ஹெட்லி பெயர் இருந்தது. 'சுகர்' என்ற விமானம். ஓட்டுபவன் ரோலண்ட் பீக், இருபது வயசு. அந்தக் கூட்டத்துக்கு அது இரண்டாவது நடைதான். அவர்களுடைய வால் துப்பாக்கிக்காரனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, தலை பூசணிக்காய் அளவுக்கு ஆகி, ஆஸ்பத்திரியில் கிடந்தான். பீக் கேன்டீனில் ஹெட்லியைத் தேடி வந்தான். பதக்க ரிப்பனைப் பார்த்ததும் பயத்தில் சல்யூட் அடித்துவிட்டான். சார்ஜெண்டுக்குச் சார்ஜெண்ட் சல்யூட் அடிப்பதை அன்றுதான் நான் பார்த்தேன்.

"எனக்கு எதுக்குடா தம்பி?" என்றான் ஹெட்லி. "அந்த வாளி இன்னும் ஸ்டோர்ல இருக்கு. போய் அதுக்கு அடி."

பையன் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

அன்று சாயங்காலம் ஏழரை மணி. போர்க்காலக் கோடைக்குக் கடிகாரத்தை இரண்டு மணி முன்னே தள்ளியிருந்ததால் இன்னும் நல்ல வெளிச்சம். விமானக்காரர்கள் எல்லாரும் ஓடுபாதையைச் சுற்றி அவரவர் விமானத்தடியில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கிளம்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. தலைமையகத்துச் செய்தி வரும் டெலிபிரிண்டர் கடகடவென்று அடித்தது. கிழித்துப் படித்தேன். ஃப்ரான்ஸ் நடைகள் இனி முழு நடையாகவே கணக்கில் வரும், முன்பு போனவற்றுக்கும் இது பொருந்தும் என்று போட்டிருந்தது. போன வாரம் ஃப்ரான்ஸில் ஒரே போக்கில் அத்தனை விமானங்கள் திரும்பாமல் போனதும் அந்தப் பெரிய மனிதருக்கு ஞானம் திரும்பிவிட்டது போலிருக்கிறது.

இருபத்தேழும் எட்டும் முப்பத்தைந்து! என் ஹெட்லி முப்பதை எப்போதோ தாண்டியாயிற்று!

"சார்!" என்று நான் போட்ட சத்தத்தில் பாப்ஜாயின் நல்ல காதும் அடைத்திருக்கும். கிழவர் காகிதத்தைப் படித்தார், குல்லாவைத் தூக்கிக் கூரைக்கு எறிந்தார். "போம்மா! ஓடு! வேன் ஒண்ணும் இல்ல, என் சைக்கிளை எடுத்துக்கோ. மத்தியானம் ரயில்ல ஒரு புது துப்பாக்கிக்காரன் வந்திருக்கான், அவனை வேன் வந்ததும் பின்னாடியே அனுப்பறேன். உங்காளை இறக்கிக் கூட்டிட்டு வா!"

ஆண்கள் சைக்கிள், நடுவில் கம்பி. சீருடைப் பாவாடையைத் தொடை வரைக்கும் சுருட்டிச் சொருகிக்கொண்டு ஏறினேன். மானம் போனால் போகட்டும், மாப்பிள்ளை வேண்டுமே! இரண்டு மைல். ஒவ்வொரு விமானத்தடியிலும் விசில். "எனிட், எங்களுக்கும் ஒரு ரவுண்டு!" என்று கூப்பாடு. மணியை அடித்துக்கொண்டே, எல்லாரையும் திட்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே மிதித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

'சுகர்' கண்ணில் பட்டது. ஏழு பேரும் வால் சக்கரத்தைச் சுற்றி வட்டமாக எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தார்கள். கிளம்பும் முன் எல்லாரும் வால் சக்கரத்தில் ஒன்றுக்கிருந்துவிட்டுப் போவது வழக்கம். அப்படி நனைக்காமல் கிளம்பின விமானம் திரும்பாது என்று நம்பிக்கை. எனக்குப் பிரேக் எங்கே என்று தெரியவில்லை.

"திரும்பாதீங்கடா! யாரும் திரும்பாதீங்க! ஹெட்லி மட்டும் பொத்தானைப் போட்டுட்டுத் திரும்பு!"

ஏழு பேரும் அலறியடித்துச் சிதறினார்கள். நான் நேராகச் சக்கரத்திலேயே மோதி விழுந்தேன். ஈரத்தில்தான் விழுந்தேன், அதை மறைப்பானேன்? விழுந்த இடத்திலிருந்தே காகிதத்தை நீட்டினேன்.

ஹெட்லி படித்தான். மறுபடி படித்தான். பிறகு என்னைத் தூக்கிச் சுற்றினான். "முப்பத்தஞ்சு! அடேய், நான் அஞ்சு நடை ஓசியில போயிருக்கேன்டா!"

பையன்கள் ஆறு பேரும் கைதட்டினார்கள். நல்ல பையன்கள், நிஜமாகத்தான் தட்டினார்கள். பீக் முன்னால் வந்து, "நீங்க போங்கண்ணே. நாங்க பாத்துக்கறோம்" என்றான். பாதி வார்த்தையில் குரல் கீச்சென்று உடைந்தது. வரைபடத்தில் வழி பார்த்துச் சொல்கிறவன் கையிலிருந்து பென்சில் விழுந்தது. எடுத்தான், மறுபடி விழுந்தது.

ஹெட்லி என்னைக் கீழே விட்டான். "எனக்குப் பதிலா வர்றவன் எத்தனை நடை போயிருக்கான்?"

"அது எதுக்கு உனக்கு? இன்னைக்குத்தான் ரயில்ல வந்தான்."

"அப்ப ஒண்ணுகூட இல்ல. இவங்க ஆளுக்கு ஒண்ணு."

கீழே கிடந்த சைக்கிளை நிமிர்த்தினேன். "யோவ், கணக்குப் பாக்கறது என் வேலை. முடிச்சவன் பறக்கக் கூடாது, நீ சைக்கிள்ல ஏறு."

"எனிட், இங்க பாரு, பேரேட்டுல நீ எழுதற வரைக்கும் நான் முடிக்காதவன்தான். மொத நடையில எதிரி பிளேன் பக்கத்துல வந்தா கூண்டுல இருக்கறவன் கண்ணை மூடிக்குவான். தப்பில்ல, மூடத்தான் செய்யும். நானும் மூடிக்கிட்டேன். என் அதிர்ஷ்டம், அன்னைக்கு வானம் பூரா மேகம். இன்னைக்கு நிலா. இவங்களுக்குப் பின்னாடி கண்ணைத் தொறந்து வெச்சிருக்கற ஒரு ஆள் வேணும்."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமை சனிக்கிழமைதான். அதை யாரும் மூணா வெட்டல."

ஓங்கி ஒரு அறை விட்டேன். ஆறு பேர் முன்னால், மீன் வெட்டுகிற பரம்பரையின் கை. அவன் இடது கன்னம் சிவந்துவிட்டது. பிறகு கெஞ்சினேன். சட்டையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரித்தான்.

"சரி, நான் வாங்கிக்கிட்டேன். இப்ப நான் சொல்றதை நீ வாங்கிக்கோ. திங்கக்கிழமை நீ சொன்ன மூணுல ஒண்ணு இந்தக் காகிதத்தோட செத்துப்போச்சு. நான் இப்பப் போறது உன்னால இல்ல. யாரு கேட்டாலும் சொல்லு, அவனை விட்டாச்சு, அவனாத்தான் போனான்னு."

"எழுதிக் குடு!" என்று கத்தினேன். கோபத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை. அலுவலகப் பழக்கம், எந்த உத்தரவானாலும் படித்தவன் கையெழுத்துப் போட வேண்டும். அவன் கீழே கிடந்த பென்சிலை எடுத்து, காகிதத்தின் அடியில் 'படித்தேன், மணி ஏழு ஐம்பது, ஹெ. பிராக்' என்று எழுதிக் கொடுத்தான். வேனில் வந்த புதுப் பையனைத் தோளில் தட்டித் திருப்பி அனுப்பிவிட்டான். பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது 'சுகர்' கிளம்பியது. நான் கை ஆட்டவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு.

விடிந்து, பனி விலகும் நேரத்தில் 'சுகர்' வந்தது. இறக்கையில் ஓட்டை, வாலில் கிழிசல், ஆனால் அழகாக இறங்கியது. நான் ஓடினேன். கதவு திறந்ததும் ஆறு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குதித்தார்கள். சிரிப்பு, கூச்சல். உயிரோடு திரும்பியவர்களுக்கு வரும் கிறுக்கு அது, நான் எத்தனையோ விடியலில் பார்த்திருக்கிறேன். பீக் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினான்.

"அக்கா, உங்காளு ராஜா! ஜெர்மன்காரனுங்க மூணு தடவை வந்தானுங்க. மூணு தடவையும் சரியா, இடது பக்கம் திருப்பு, வலது பக்கம் இறக்குன்னு சொல்லிச் சொல்லி... ஒருத்தனைச் சுட்டே போட்டாரு! அவன் எங்களையும் சுட்டான், அண்ணனுக்கு ஒண்ணும் ஆகல. அடிபட்டுச்சான்னு நான் மைக்ல கேட்டேன். இல்லடா, நீ ரோட்டைப் பாத்து ஓட்டுன்னாரு. கடல் வர்ற வரைக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம், பின்னாடி சுத்தமா இருக்கு, பின்னாடி சுத்தமா இருக்குன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு."

"அப்புறம்?" என்றேன்.

"கடல் தாண்டினதும், இனி எவனும் வர மாட்டான், என்னைத் தொந்தரவு பண்ணாதீங்க, கல்யாணத்துல பேசறதுக்கு யோசிக்கணும்னாரு. நாங்களும் விட்டுட்டோம்." வாலைப் பார்த்துத் திரும்பிக் கண்ணாடியைத் தட்டினான். "அண்ணே! யோசிச்சது போதும், இறங்குங்க! பொண்ணு வந்தாச்சு!"

எல்லாரும் தட்டினார்கள், சிரித்துக்கொண்டே. நான்தான் முதலில் நிறுத்தினேன். கூண்டுக்கு அடியில் தகட்டில் சொட்டி உறைந்திருந்தது எண்ணெய் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஹெட்லிக்குத் தொடையில் குண்டு பட்டிருந்தது. முதல் தடவை வந்தவன் சுட்டதாம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உடனே சொல்லியிருந்தால் யாராவது வந்து கட்டுப் போட்டிருக்கலாம், பிழைத்தும் இருக்கலாம் என்றார். அவனைக் கூண்டிலிருந்து இழுத்து வெளியே போட்டால்தானே கட்டுப் போட முடியும்? அதற்கப்புறம் இரண்டு தடவை வந்தார்களே, அப்போது பின்னால் பார்க்க யார் இருந்திருப்பார்கள்? இதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, அவர் மேஜையில் இருந்த மைப்புட்டியை எடுத்துச் சுவரில் அடித்தேன். 

சனிக்கிழமை ஹல் நகரத்துக் கோயிலில் சவ அடக்கம். ஹம்பர் ஆற்றைப் படகில் தாண்டிப் போனேன். டட்லியும் அவன் ஆட்களும் கல்யாணத்துக்கு எடுத்த அதே சட்டையில் வந்திருந்தார்கள். பீக்கின் ஆறு பேரும் ஒரு மூலையில் நின்றார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால் போக எனக்கு என்ன முகம் இருக்கிறது? எல்லாருக்கும் அந்தக் கணக்குக் கதை தெரியும். செவ்வாய்க்கிழமை ரயிலேறிப் போன டட்லி சிரிப்புக் கதையாக நினைத்து ஹெட்லியின் அம்மாவிடமே சொல்லியிருந்தான், அது எனக்குத் தெரியும்.

ஹெட்லியின் அம்மா முன்வரிசையிலிருந்து எழுந்து என்னை நோக்கி வந்தாள். கனத்த உடம்பு, துறைமுகத்தில் மூட்டை தைக்கிறவள். ஒரே ஒரு தடவைதான் அவளைப் பார்த்திருக்கிறேன், அன்று ரேஷன் காலத்திலும் எனக்கு இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

"ஏன்டி, அவன் இன்னும் ஒரு தடவை போகணும்னு கணக்குப் போட்டது நீயாமே?"

"ஆமா அத்தை. நான்தான்."

மறைக்கவில்லை. பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினேன்.  அவள் உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். மகன் கையெழுத்தில் விரலை வைத்தாள்.

"ஏழு அம்பதுக்கு இதைப் படிச்சிருக்கான். பிளேன் எப்பக் கிளம்புச்சு?"

"பத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்போ."

"அப்ப ரெண்டு மணி நேரம் இருந்திருக்கு, வேண்டாம்னு வர்றதுக்கு."

"இருந்துச்சு அத்தை. அடிச்சேன். கெஞ்சினேன். சட்டையப் புடிச்சு இழுத்தேன். வரல."

அவள் சவப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "கழுதை," என்றாள், கோயில் முழுக்கக் கேட்கும்படி. பாதிரியார் நிமிர்ந்து பார்த்தார். அவள் அதைப் பொருட்படுத்தாமல் என் முழங்கையைப் பிடித்து எழுப்பி, நடுவழியே எல்லார் கண் முன்னாலும் நடத்திக்கொண்டு போனாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தன் மைத்துனரைப் பார்த்து, "நகரு" என்றாள். அவர் நகர்ந்தார். நான் ஓரமாக உட்காரப் போனேன்.

"அங்க இல்லடி, இங்க," என்று பெட்டிக்குப் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். "பொண்டாட்டி உக்கார்ற இடம் இதுதான்."

உட்கார்ந்தேன்.